துணி பிடித்தவரின் படம்

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் நான் ஸ்டூடியோ திறந்தது 1974இல். தாஜுதீன் என்றால் டவுனில் எல்லோருக்கும் தெரியும்; நல்ல படம் எடுப்பான், மூக்கின் மேல் கோபம் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஐந்நூறு வாட் விளக்கு இரண்டு, ஒரு முக்காலி, ஒரு நீலத் திரை, இவ்வளவுதான் ஸ்டூடியோ. பின்னால் இருந்த இருட்டறை என் மனைவி சாலிஹாவின் ராஜ்யம். மலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதில் மருந்து கலந்தால் படம் எழும்பாது. அவள் சுடுதண்ணீர் சேர்த்து, விரலை விட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். பாதி வேலைக்கு மேல் அவளுடையது. பெயர்ப் பலகையில் மட்டும் நான்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஐசி என்ற அடையாள அட்டைக்கும் குடியுரிமை மனுவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் படம் வேண்டியிருந்தது. குடும்பத்தோடு டவுனுக்கு வருவது பெரும்பாடு. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, ஆள் உட்கார ஒரு முக்காலி, ஆறடிக் கயிறு ஒன்று. கயிற்றின் ஒரு முனையை முக்காலியிலும் மறுமுனையை ஸ்டாண்டிலும் வைத்துப் பார்த்தால் தூரம் சரியாக இருக்கும். ஆட்கள் குடியிருந்த லயத்துச் சுவர்கள் பாசி பிடித்துப் பச்சையாக நின்றதால், பின்னணிக்கு ஒரு வெள்ளை வேட்டியும் கொண்டு போவேன்.

முதல் ஞாயிறே காற்று அந்த வேட்டியைப் பிடுங்கித் தேயிலைச் செடிகளுக்கு மேல் கொண்டுபோய்ப் போட்டது. நான் வாய்க்கு வந்தபடி காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர் ஓடிப்போய் எடுத்துவந்து, கைகளை அகல விரித்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எடுங்க பாய். காத்த நான் பாத்துக்கறேன்."

அவர்தான் முனியாண்டி. செடிகளுக்கு மருந்து அடிக்கும் வேலை. தனக்குப் படம் எடுக்க வந்தவர், அன்று சாயங்காலம் வரை துணி பிடித்தார். பிலிம் தீர்ந்துபோனது. "எனக்கென்ன அவசரம் லா, அடுத்த வாட்டி பாப்போம்" என்றார். அந்த அடுத்த வாட்டி ஏழு வருஷம் வரவில்லை. மாதம் ஒரு ஞாயிறு அந்தத் தோட்டத்துக்கு நான் போவதும், மோட்டார் சத்தம் கேட்டதும் அவர் முகம் கழுவிக்கொண்டு வருவதும் வழக்கமாகிவிட்டது. கூலி பேசியதில்லை. ஒரு தரம் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த மாதம் துணி பிடித்தார், என்னோடு மட்டும் பேசவில்லை.

நான் கடுகடுவென்று இருப்பேன். நிமிரு, சிரிக்காதே, காதைக் காட்டு என்று அதட்டுவேன். துணிக்குப் பின்னாலிருந்து அவர் ஏதாவது சொல்வார். விறைத்துப்போன முகம் தளர்ந்துவிடும். அந்த நொடியில் நான் கேமராவைத் தட்டிவிடுவேன். என் படங்களில் முகம் நன்றாக இருக்கிறது என்று ஊர் சொன்ன பெயரில் பாதி அவருக்குச் சேரவேண்டியது. இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

1981 நவம்பரில் மூன்று நாள் காய்ச்சலில் முனியாண்டி போய்விட்டார். முப்பத்தாறு வயது. ஐந்தாம் நாள் அவர் மனைவி நீலாவதி, ஒரு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நின்றாள்.

"பாய், கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேணும். சாவப் பதியப் போன எடத்துல ஐசிய வாங்கி வச்சிக்கிட்டாங்க. கல்யாணப் படத்துல பூஞ்சக் காளான் புடிச்சு அவரு மூஞ்சியே இல்ல. நீங்கதான் ஊருக்கே படம் புடிச்சீங்களே, அவரு படம் ஒன்னாச்சும் இருக்கும்லா?" பையனைக் காட்டி, "இவனுக்கு அப்பா மூஞ்சி தெரியாமப் போயிடும் பாய்" என்றாள்.

இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏழு வருஷத்து நெகட்டிவ்களையும் மேசையில் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான்கு நாள் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் பிறந்த பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரை எல்லோரும் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வேட்டியைப் பிடித்த நான்கு விரல்கள் இருந்தன. பிரிண்டில் அந்த விரல்களைத்தான் நான் ஒவ்வொரு முறையும் வெட்டி எறிந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

சாலிஹா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, ரோல் மாட்டினதும் அவரத்தானே உக்கார வச்சு ரெண்டு தட்டு தட்டுவீங்க?"

நான் அதைப் படம் என்றே நினைத்ததில்லை. புது ரோல் மாட்டும்போது அதன் தலைப்பக்கம் வெளிச்சம் பட்டு எரிந்துவிடும். அதைக் கடத்திவிட இரண்டு தரம் வெறுமனே தட்டவேண்டும். அந்த நேரத்தில் முனியாண்டியை முக்காலியில் உட்காரவைத்துத் தூரமும் வெளிச்சமும் பார்த்துக்கொள்வேன். அந்தத் துண்டைத்தான் சாலிஹா காயப் போடும்போது கிளிப் கடிக்கும். அப்புறம் அதை வெட்டி மைலோ டின்னில் போட்டுவிடுவாள். பழைய பிலிமில் வெள்ளி இருக்கிறது என்று ஈப்போவிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போவார்.

"போன மார்ச்சுலதான் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனாரு," என்றாள். "அதுக்கப்புறம் சேந்தது மட்டும்தான் இருக்கு."

டின்னைக் கவிழ்த்தோம். எல்லாத் தோட்டத்துத் துண்டுகளும் கலந்து கிடந்தன. அவருடையவை பதினொன்று. எட்டு முழுக்க எரிந்திருந்தன. ஒன்றில் வெறும் தோள். ஒன்றில் முகத்தின் மேலேயே கிளிப் ஓட்டை. கடைசித் துண்டில் முழு முகம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அன்றே பெரிதாக்கினோம். தட்டில் காகிதத்தை அசைத்தபடி சாலிஹா நின்றாள். முதலில் மீசை, பிறகு கண், பிறகு சிரிப்பு. எரிந்த பக்கம் வெள்ளையாகவே நின்றுவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் அது பனி மூட்டம் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

கருமாதி அன்று நீலாவதி படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அதில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, வாயைத் திறந்து சிரித்தபடி இருந்தார்.

"யாரப் பாக்கறாரு பாய்?"

"வரிசையில நிக்கறவங்கள. அடுத்த ஆளு வாங்கன்னு கூப்பிடறாரும்மா."

அவள் பையனின் விரலைப் பிடித்துப் படத்தின் மீசையில் வைத்து, "அப்பா" என்றாள். "உங்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி பாய்" என்றாள். நன்றி சொல்லவேண்டியவன் நான் என்று அன்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவர் பிடித்த துணியில்தான் என் குடும்பம் சோறு தின்றது என்றும் சொன்னேன்.

அடுத்த மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போக மனம் வரவில்லை. சாலிஹா பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். ஸ்டாண்டை வைத்தேன், கயிற்றை அளந்தேன், வேட்டியை மட்டும் பையிலிருந்து எடுக்காமல் நின்றேன். நீலாவதி முகம் கழுவிக்கொண்டு லயத்திலிருந்து வந்தாள்.

"துணியக் குடுங்க பாய். அவருதான் அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாருல்ல, யாராச்சும் புடிக்கணும்லா."

"அப்புறம் புடிக்கலாம். மொதல்ல பையன மடியில வச்சு உக்காரும்மா" என்றேன்.

ரோலை மாட்டினேன். தலைப்பக்கம் கடக்க இரண்டு தரம் வானத்தைப் பார்த்துத் தட்டி, கேமராவில் எண் ஒன்று வந்த பிறகே அவர்கள் இருவரையும் எடுத்தேன்.