குறூப்பில் இல்லாத வீடு

ஏறாவூரில் ஜெமீலா என்ற பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘குறூப் ராத்தா’ என்று கேட்டால் கடைக்காரரே வழி காட்டுவார். ராத்தா என்றால் அக்கா. வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பியவள், இப்போது தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறாள். மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் போனில்தான் அவளுடைய ஃபேஸ்புக் குறூப் இருக்கிறது. வாழைச்சேனையிலிருந்து மண்டூர் வரைக்கும், வீட்டுவேலைக்குப் போன பெண்களும் போகப்போகிற பெண்களும் அதில் உண்டு.

எந்த வீட்டில் சோறு போடுவார்கள், எந்த வீட்டில் அடி போடுவார்கள் என்று அவர்கள் எழுதுவார்கள். முகவரிதான் ஒருத்திக்கும் தெரியாது. போன அன்றே உள்ளே பூட்டப்பட்டவளுக்குத் தெருப் பெயர் எப்படித் தெரியும்? ஆகவே ஜெமீலா எல்லாவற்றையும் வாசல் கேற்றின் நிறத்தை வைத்து அடுக்கினாள். பச்சைக் கேற்று, எதிரே பெற்றோல் செட். வெள்ளைக் கேற்று, படுக்கையில் ஒரு கிழவி. தேடினால் உடனே வரும். வாழ்க்கையில் அவள் பெருமைப்பட்ட ஒரே வேலை அது.

அதைக் கல்யாணம் வந்து அரித்தது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை கிடைக்காது. வீடு கட்டத்தான் வெளிநாடு. வீடு எழும்பி, சம்பந்தம் பேசி வந்ததும் ராத்தாவுக்கு மெசேஜ் வரும்: “நான் எழுதினத்த அழிச்சிருங்க.” அடி வாங்கியவள் என்று தெரிந்தால், வேறு என்னவெல்லாம் நடந்ததோ என்று ஊர் மெல்லும். முஸ்லிம் பெண்கள் மட்டுமில்லை, தமிழ்ப் பெண்களும் அப்படித்தான், சாதகம் கைமாறியதும் பதிவைத் தூக்கச் சொல்வார்கள். பெயரை எடுத்துவிட்டு வீட்டை மட்டும் வைப்போம் என்று ஜெமீலா கெஞ்சிப் பார்த்தாள்.

“அந்த வூட்டுக்கு ஆரு போன எண்டு ஊருக்கே தெரியும் ராத்தா.”

கேட்டால் அழிப்பேன், வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் அவர்களை எழுத வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் அழித்தாள். அவளுடைய சொந்தக் கதை மட்டும், அயன்பெட்டியால் சுட்ட கையின் படத்தோடு, இன்னும் அங்கே நிற்கிறது. அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை.

ஓட்டமாவடி றஸீனா எழுதிய மண்ணிறக் கேற்று வீடும் அப்படித்தான் போனது. சாப்பாட்டு அலுமாரியைப் பூட்டி, வேலைக்காரியை மொட்டைமாடியில் அடைக்கும் வீடு அது. கொஞ்ச காலத்தில் பக்கத்துத் தெரு நஸ்ஹாவுக்கு ஏஜென்சி அதே வீட்டைக் காட்டியது. மண்ணிறக் கேற்று, இரட்டைப் பிள்ளைகள், பல் டொக்டர் எஜமான். கேள்விப்பட்டதும் ஜெமீலா தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

“புள்ளய அங்க அனுப்பாதங்க. அது கூடாத வூடு.”

“ஆரு சொன்ன?” என்றாள் உம்மா, நஸ்ஹாவின் தாய்.

ஜெமீலாவால் பெயர் சொல்ல முடியவில்லை.

“குறூப்ப முழுக்கத் தேடிப் பாத்துட்டம். அப்பிடி ஒண்டும் இல்லயே. நீங்கதானே வடிவா அடுக்கி வெச்சிருக்கீங்க?”

குறூப்பில் இல்லையென்றால் நல்ல வீடு. ஊரில் அது ஒரு கணக்காகவே ஆகியிருந்தது. தன் கையால் அடுக்கியது தன் வாயையே பொய்யாக்கும் என்று ஜெமீலா நினைத்துப் பார்க்கவில்லை. நஸ்ஹா போனாள்.

இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது சக்கர நாற்காலியில் வந்தாள். மொட்டைமாடியிலிருந்து குதித்திருக்கிறாள். அந்த நாட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் குறூப்பில் எழுதியிருந்தாள். ஜெமீலா அழுதுகொண்டே அதை மண்ணிறக் கேற்றில் சேர்த்தாள். இனி ஒருத்தியும் அங்கே போகமாட்டாள் என்ற ஆறுதலாவது மிஞ்சியது.

ஒரு நாள் நஸ்ஹாவின் உம்மா கூப்பிட்டு அனுப்பினாள். நஸ்ஹாவின் சம்பளத்தில் எழும்பிய புது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். இனி அது தங்கச்சிக்கு. உம்மா மகளைப் பார்த்தாள். நஸ்ஹாதான் பேசினாள்.

“தங்கச்சிக்குப் பேசி வந்திருக்காங்க. அழிச்சிருங்க ராத்தா. இல்லாட்டி நான் கட்டின வூடு வீணாப் போயிரும்.”

ஜெமீலா அவள் முன்னாலேயே அழித்தாள்.

வீடு வந்து சேர்வதற்குள் மண்டூர்ப் பெண் ஒருத்தி குறூப்பில் கேட்டிருந்தாள்: மண்ணிறக் கேற்று, இரட்டைப் பிள்ளைகள், ஆருக்காவது தெரியுமா? ஜெமீலா எழுதத் தொடங்குவதற்குள் கீழே யாரோ பதில் போட்டுவிட்டார்கள்.

“தேடிப் பாத்தன். குறூப்பில இல்ல. பயப்படாமப் போங்க தங்கச்சி.”