வயலில் குடித்த கள்ளு

வவுனியா நீதிமன்றத்தில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டியவர்களுக்காக நான் பல வருடங்களாக வாதாடி வருகிறேன். அரிவுவெட்டுக் காலத்தில் அந்த வழக்குகள் கூடும். வயல்காரருக்குச் சாராயம்தான் குடி; வெயிலுக்கு வரம்பில் நின்று குடிக்கும் கள்ளு கணக்கில் வராது. குற்றத்தை ஒப்புக்கொண்ட கையோடு, "கள்ளுத்தானே ஐயா" என்று நீதவானிடமே சொல்லிவிடுவார்கள். திருந்தாத ஆள் என்று அவருக்குப் படும். சாரதி அனுமதிப்பத்திரம் நீண்ட காலத்துக்குப் போய்விடும்.

இந்த முறை நெளுக்குளத்தில் பிடிபட்டவன் என் மகன். நெடுங்கேணியில் நண்பனின் வயலுக்குப் போய் மோட்டார் சைக்கிளில் திரும்பியிருக்கிறான். குடியைச் சோதிக்கப் பொலிஸ் கொடுத்த பலூனை ஊத, அதன் குழாயின் நிறம் மாறியது. அவன் கடை கடையாக மருந்து விற்பவன். அனுமதிப்பத்திரம் நீண்ட காலம் போனால் வேலையும் போகும்.

"கள்ளுத்தானே அப்பா," என்றான்.

"கோட்டில அந்தக் கதை வேண்டாம். குடிச்சிட்டு வாகனம் ஓடினது பிழைதான் எண்டு மட்டும் சொல்லு."

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே?"

ஆட்களுக்கு அடிபட்ட வழக்குகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

அவனுக்காக என் நண்பரான சட்டத்தரணி ஒருவர் மன்றில் தோன்றினார். நான் பின்வரிசை வாங்கில் அவனுடைய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சொல்ல ஏதும் உண்டா என்று நீதவான் கேட்டார்.

"குடிச்சிட்டு வாகனம் ஓடினது பிழைதான், ஐயா."

குறுகிய காலத் தடையோடு விட்டார். வேலை தப்பியது.

வாசலில் மகன் கேட்டான்: "சரியாச் சொன்னனானோ அப்பா?"

"ஓம்," என்றேன்.

தடைக்காலம் முடிந்துவிட்டது. நான் பூட்டி வைத்த மோட்டார் சைக்கிளின் திறப்பை இன்னும் அவனிடம் கொடுக்கவில்லை.