மார்லாவின் தாழ்ந்த வண்டி

மான்ட்ரோஸில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லா ஹாஸ்கெட்டுக்குக் கோடை விடுமுறை என்றால் மலைப்பாதைதான். அவள் ஓட்டுவாள், அவள் கணவன் வெண்டல் இறங்கி முன்னால் நடந்து, எந்தச் சக்கரத்தை எந்தப் பாறையில் வைப்பது என்று கைகாட்டுவான். மலைப்பாதைகளில் வண்டி ஓட்டும் எங்கள் சங்கத்தில் அந்த வேலையில் அவனுக்கு நிகர் ஒருவரும் இல்லை. அவன் கை உயர்ந்தால் வண்டி நிற்கும். விரல் அசைந்தால் நகரும். வாயும் சும்மா இருக்காது. அவனிடம் திட்டு வாங்காமல் கணவாய் ஏறியவர் எங்களில் யாருமில்லை.

ஒரு குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது. ஆனால் இடது காலும் இடது கையும் பாதியளவே பழைய நிலைக்குத் திரும்பின. பேச்சு தெளிவாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தாமதமாக வந்தது. மார்லா பேருந்தில் இருந்த ஒரு பகற்பொழுதில், தங்களுடைய திறந்த ஜீப்பை அவன் யாருக்கோ விற்றுவிட்டான். மாலையில் வந்தவள் காலியான கொட்டகையைப் பார்த்தாள்.

“இனி அது எதுக்கு?” என்றான் வெண்டல். “என்னை மூட்டை மாதிரி ஏத்திக்கிட்டு நீ மலை ஏறணுமா?”

மார்லா கொட்டகைக் கதவைச் சாத்தினாள். செப்டம்பரில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது சங்கம் பிளாக் மேர் கணவாய்க்குப் போவது வழக்கம். அந்தப் பயணத்துக்கு அவனை எப்படியாவது அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் மனத்தில் அன்று வேறெதுவும் இல்லை.

அவளுக்குத் தேவைப்பட்டது கதவும் கூரையும் நல்ல இருக்கையும் உள்ள பழைய வண்டி. பழையது என்றால் எதையும் வாங்கிவிடுபவள் அல்ல அவள். ஒரு சிறு சுத்தியலுடன் போய், பனிச்சேற்றிலேயே மல்லாந்து படுத்து, வண்டியின் அடிச்சட்டத்தை முழுக்கத் தட்டிப் பார்ப்பாள். கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் பார்த்த வண்டி மேலே பளபளத்தது. அடியில் புத்தம்புதிய கறுப்புப் பெயின்ட்.

“பாதுகாப்புக்காக அடிச்சதும்மா” என்றார் விற்பவர்.

சுத்தியல் பட்ட இடத்தில் அட்டையைத் தட்டியதுபோல் ஓசை எழுந்தது. மார்லா எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “துருவுக்கு நல்ல பாதுகாப்புத்தான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வண்டியில் கூடுதல் விளக்கும், சிக்கினால் இழுத்தெடுக்கும் வின்ச்சும் ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள். அடுத்தவன் இழுத்துவிட்ட ஒயரை அவிழ்க்கத் தனக்கு ஆயுள் போதாது என்று அதையும் விட்டாள். கடைசியில் டெல்டா என்ற ஊரில், யாரும் கைவைக்காத, நாய்முடி ஒட்டிய இருக்கைகளுடன், வெளுத்த மணல் நிறத்தில் ஒரு பழைய டொயோட்டா ஃபோர்ரன்னர் அகப்பட்டது. அதன் அடிச்சட்டம் மணிபோல் ஒலித்தது.

வெண்டல் கைத்தடியுடன் வாசலுக்கு வந்து பார்த்தான். “பல் டாக்டர் வண்டி மாதிரி இருக்கு.”

“பல் டாக்டர் வண்டிதான்” என்றாள் மார்லா.

சங்கத் தலைவர் ராய்ஸ் சனிக்கிழமைதோறும் வந்து உதவினார். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் கீழே கனத்த இரும்புத் தகடுகளைப் பூட்டினார்கள். கதவுகளுக்கடியில் பாறை இடிதாங்கும் குழாய்களைப் பொருத்தினார்கள். பிறகு நீண்ட ஸ்பிரிங்குகளையும் பெரிய டயர்களையும் மாட்டி வண்டியை நன்றாக உயர்த்தினார்கள். எங்கள் ஊரில் மலைக்கென்று வண்டி வாங்கும் எவரும் அதை உயர்த்தாமல் விட்டதில்லை. ஏன் என்று கேட்பதும் இல்லை. மே மாதக் கடைசியில் வண்டி கொட்டகையைவிட்டு வெளியே வந்தபோது, அது ஒரு குதிரையைப்போல் நிமிர்ந்து நின்றது.

“ஏறிப் பாரு, வெண்டல்” என்றாள் மார்லா, முகமெல்லாம் சிரிப்பாக.

ஓட்டுபவருக்கு வலப்புறம் உள்ள பக்கத்து இருக்கையில் ஏறுபவர் இடது காலைத்தான் முதலில் உள்ளே வைத்தாக வேண்டும். அந்தக் கால் அவ்வளவு உயரம் எழவில்லை. வெண்டல் வலது கையால் கதவைப் பற்றி உடலை மேலே இழுத்துப் பார்த்தான். மார்லா பின்னாலிருந்து தாங்கினாள். பாதியில் அவன் நிறுத்திவிட்டான்.

“போதும்.”

“ஒரு சின்ன ஏணி போட்டுடலாமே” என்றார் ராய்ஸ், நல்லெண்ணத்துடன்தான்.

“எதுக்கு ஏணி? ஒரேயடியா கிரேனைக் கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வெண்டல் உள்ளே போனான்.

மார்லா வெகுநேரம் அந்தத் திறந்த கதவருகிலேயே நின்றாள். பிளாக் மேரின் பாறைகள் ஒவ்வொன்றின் உயரத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் அவள். அவன் கால் எவ்வளவு உயரம் எழும் என்பதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தாள். மறுநாள் காலையில் அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றத் தொடங்கினாள்.

“கிறுக்கா உனக்கு?” என்றார் ராய்ஸ். “அந்தக் கணவாய்ல ஒவ்வொரு கல்லுலயும் வயிறு இடிக்கும்.”

“இடிக்கட்டும். தகடு அழகுக்கா போட்டிருக்கு?”

தகடுகளின் எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஸ்பிரிங், வண்டிக்கு முதலில் இருந்த அளவிலேயே பக்கச்சுவர் தடித்த டயர், கால் பதியுமாறு அகலமாக்கிய பக்கக் குழாய், கூரைத்தூணில் உறுதியான ஒரு கைப்பிடி. ‘வயித்தால ஊர்ற வண்டி’ என்று சங்கத்தில் பெயர் வைத்தார்கள். மார்லாவும் அப்படியே அழைத்தாள்.

ஒரு மாலை அவள் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, வெண்டல் யாரும் அழைக்காமலே வந்து, கைப்பிடியைப் பிடித்து, மெல்ல ஏறி அமர்ந்தான். அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

“சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளு” என்றான் சற்றுப் பொறுத்து. “வர்றேன். ஆனா எவனும் ஜன்னல்கிட்ட வந்து, ‘நல்லாருக்கியா’ன்னு பல்லைக் காட்டக் கூடாது.”

செப்டம்பர் வந்தது. மலையடிவாரத்தில் அனைவரும் பாறையில் பிடிப்புக்காக டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறினோம். மரங்கள் முடியும் இடத்துக்கு மேலே, பாதையின் குறுக்கே இரண்டு படிகள்போல் ஒரு பாறை இருக்கிறது. உயரமான வண்டிகள் அதைத் தாண்டிப் போய்விட்டன. மார்லாவின் வண்டி முன்சக்கரங்களை ஏற்றியதும், வயிறு பாறையில் அமர்ந்து கிறீச்சிட்டது. அவளுக்குப் பின்னால் என் வண்டி நின்றது.

“இடது பக்கம் ஒடி!” “இல்ல, வலது!” “ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ்!” என்று மேலிருந்து மூன்று பேர் கத்தினார்கள்.

ஒரு வண்டிக்கு ஒரு குரல் என்பது மலையில் மாறாத வழக்கம். பல குரல்கள் எழுந்தால் ஓட்டுபவர் நிறுத்திவிட்டு, யாருடைய சொல்லைக் கேட்பேன் என்று பெயர் சொல்ல வேண்டும்; மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மார்லா நிறுத்தினாள்.

“சொல்லும்மா, யாரு?” என்று ராய்ஸ் முன்னால் வந்து நின்றார், தன்னைத்தான் சொல்லப்போகிறாள் என்ற எண்ணத்தில்.

“வெண்டல்.”

“அவன் உள்ளேல்ல உக்காந்திருக்கான்?”

“ஜன்னல் இருக்குல்ல.”

அந்த நேரத்தில் வெண்டல் அவளிடம் என்ன சொன்னான் என்பதை மார்லாதான் பின்னர் எனக்குச் சொன்னாள். “என்னை அசிங்கப்படுத்தாத, மார்லா. எனக்கு இங்கேருந்து பாதிதான் தெரியும்.” அதற்கு இவள், “தெரியிற பாதியைச் சொல்லு” என்றாளாம்.

அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வலது தோளையும் தலையையும் வெளியே நீட்டினான். இருக்கை தாழ்வாக இருந்ததால் பாறை அவன் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. நெடுநேரம் பார்த்தான்.

“பின்னால... வா. இன்னும். நிறுத்து.” ஒவ்வொரு சொல்லும் முடியும்வரை அவள் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தாள். “வலது பக்கம்... பெரிய கல்லு இருக்கே. அதுக்கு ஒதுங்காத. அது மேலயே... டயரை ஏத்து. வயிறு... தானா தூக்கிக்கும்.”

பெரிய கல்லைக் கண்டால் எந்தக் கையும் ஒதுங்கத்தான் துடிக்கும். மார்லா ஒதுங்கவில்லை. சக்கரம் கல்லின் தலையில் ஏறியது, வண்டி சாய்ந்தது, அடித்தகடு ஒருமுறை மட்டும் முனகிவிட்டு விலகியது. வண்டி மேலே போய் நின்றது.

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள் மேலே இருந்தவர்கள். ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எனக்கு வழிகாட்ட இறங்கி வந்தார். அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“ராய்ஸ்! நீ அந்தப் பக்கம்... போ. மறைக்குது.”

மார்லா ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பி, அவன் ஜன்னல் பாறைப் படியைப் பார்க்கும்படி நிறுத்தினாள். ராய்ஸ் விலகிக்கொண்டார். வெண்டல் வலது கையை வெளியே நீட்டி, விரல்களை மடக்கி என்னை அழைத்தான்.

“ஸ்டீயரிங்கை ஏன்டா... இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்க? அது என்ன... உன் பொண்டாட்டியா? தளர்த்து!”

தளர்த்தினேன். என்னை ஏற்றினான், எனக்குப் பின்னால் வந்த எல்லோரையும் வசவோடு ஏற்றினான். அவன் சொல் வரும்வரை ஒவ்வொருவரும் காத்து நின்றோம்.

மார்லா எஞ்சினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சாலட் டப்பாவைத் திறந்தாள். அவளுக்கு வேறு வேலை இல்லை.

“எனக்கும் கொஞ்சம் வை” என்றான் வெண்டல், தலையை உள்ளே இழுக்காமலே.