குறை சொல்ல முடியாத வண்டி

கார் இல்லாத ஒருவன் காரின் தலையில் மாட்டும் கேரியரை வாங்கி வைத்திருந்தால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? என் மனைவி சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் அவள் எதையும் வீணாக்க மாட்டாள். கேரியரை மொட்டைமாடியில் செங்கல் மேல் தூக்கி வைத்து, பழைய வேட்டியை விரித்து வடாம் காயப்போட்டுவிட்டாள். போன வருஷக் கோடையில் எங்கள் அம்பத்தூர் வீட்டில் பொரித்த வடாம் எல்லாம் அந்தக் கேரியரில் காய்ந்ததுதான்.

கேரியரோடு நின்றேனா என்றால் அதுவும் இல்லை. தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரு கூடாரம் வாங்கினேன். மூன்று பேர் படுக்கலாம் என்று பெட்டி மேல் போட்டிருந்தது. கூடவே மூன்று மடக்கு நாற்காலி. எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு இறங்கிய பிறகுதான், இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டுமே என்ற ஞானம் வந்தது. பித்தானை வாங்கிவிட்டுச் சட்டைத்துணி தேடுகிற ரகம் நான்.

மூன்று நாற்காலிக்குக் காரணம் எங்கள் மகள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போவேன். அவளுக்குப் பறவைப் பைத்தியம். எனக்குத் தெரிந்து பறவைகளில் இரண்டே வகை. காக்கா, காக்கா இல்லாதது. அவள் பெயர் பெயராகச் சொல்வாள், நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். தடா மலைக்குப் போகலாமா, பழவேற்காட்டுக்குப் போகலாமா என்று கேட்பாள். “பெரிய வண்டி வாங்கினதும் போலாம்டா” என்பேன்.

பெரிய வண்டி வரவே இல்லை. மகள் படித்து முடித்து, புனேயில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சுதான் தீர்ந்துபோயிருந்தது. “சாப்டியா?” “சாப்டேன், நீ?” “சாப்டேன்.” “அம்மாகிட்ட குடுக்கவா?” “குடு.” இவ்வளவுதான். பாடி சிக்னலில் இதைவிட அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

அப்படியிருக்கையில்தான் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லி பஸ் நிலையத்தைத் தாண்டி, மெட்ரோ தூண்களுக்கு அப்பால் இருக்கும் ஒரு பழைய கார் கடைக்குப் போனேன். தகரக் கொட்டகை. முதலாளி என் வயதுக்காரர். எந்த வண்டியைக் காட்டப் போனாலும் ஒரு பெரிய மின்விசிறியையும் கூடவே உருட்டிக்கொண்டு வருவார். அங்கே ஒரு கறுப்பு எஸ்யூவி பளபளவென்று நின்றது. படம் எடுத்து, ‘எப்படி இருக்கிறது?’ என்று மகளுக்கு அனுப்பினேன்.

அடுத்த நிமிஷம் அவளே கூப்பிட்டாள்.

“அப்பா, எதுலயும் கைய வச்சிடாத. மொதல்ல சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழு.”

“பெல்ட் நல்லாத்தான்டா இருக்கு.”

“கடைசி வரைக்கும் இழுப்பா. உள்ள சேறு இருக்கா பாரு.”

இழுத்தேன். வெளியே தெரியாத கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. ஏதோ ஒரு மழையில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற வண்டி அது. கடைக்காரர் மின்விசிறியைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டார். நான் அதற்குமேல் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. போன் சூடாகும் வரை மகள் பேசியதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சீட்டுக்கு அடியில் துரு எங்கே வரும், டயரின் வயதை எப்படிப் படிப்பது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஏன் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரலை அவ்வளவு நீளமாகக் கேட்டேன்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் பூந்தமல்லிதான். அடுத்த வண்டிக்கு மனைவியையும் கூட்டிப்போனேன். அவள் கதவைத் திறந்து, உயரத்தை அண்ணாந்து பார்த்து, “ஏங்க, ஏணி சேத்துக் குடுப்பாங்களா?” என்றாள். மகளிடம் சொன்னதும், படி வைத்த வண்டியாகப் பார்க்கச் சொன்னாள். இன்னொன்று எங்கள் தெரு முனையில் திரும்புமா என்று சந்தேகம் வந்தது. அளக்க டேப் இல்லை. மனைவியின் பழைய புடவையால் வண்டியை அளந்து முடிச்சுப் போட்டு, தெருவுக்கு வந்து குறுக்கே பிடித்தேன். பந்தல் போடுகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி மேல் எனக்கு ஆசை வந்தபோது மகள் போனிலேயே சிரித்தாள்.

“உனக்கெதுக்குப்பா அது? மலைக்குப் போறது எப்பவோ ஒரு நாள். மத்த நாளெல்லாம் வேலைக்குப் போக அம்பத்தூர் எஸ்டேட் டிராஃபிக்ல கிளட்ச மிதிக்கப் போற. அந்த ஒரு நாளுக்காக தினம் முட்டிவலி வாங்காத. தரைக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி இருந்தா ஏரிக்கரைக்குப் போதும்.”

ஏரிக்கரை என்று அவளாகவே சொன்னாள். அதை அன்று முழுக்க அசை போட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் நெருங்கும்போது எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே குறையை யோசித்துவிடுவேன். வைப்பர் சோம்பலாக ஆடுகிறது. ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது. குறை இருந்தால் மகள் பேசுவாள். குறை இல்லையென்றால் வாங்க வேண்டியதுதான். வாங்கிவிட்டால் பழையபடி சாப்டியா, சாப்டேன். கடைக்காரரும் என்னைக் கண்டதும் டீ சொல்லிவிட்டு, “வா நைனா, இன்னிக்கு இன்னா நொட்ட?” என்றுதான் வரவேற்பார்.

அந்த ஞாயிறு அவர் மின்விசிறியை உருட்டாமலே வந்தார். “இந்த வண்டில நீ ஒரு கொற சொல்லிட்டனா, நான் ஷட்டர எறக்கிட்டு ஊட்டுக்குப் போய்டறேன்” என்றார்.

சாம்பல் நிற வண்டி. வேப்பம்பட்டுக்காரர் ஒருவர் குடும்பத்தோடு மலை, காடு என்று சுற்றிவிட்டு, வெளியூருக்கு மாற்றலாகிப் போவதால் கொடுத்துவிட்டார். பெல்ட்டை இழுத்தேன், புதுசு போல வந்தது. ஏறுவதற்குப் படி இருந்தது. புடவையால் அளந்ததில் தெரு முனையில் திரும்பவும் இடம் மிச்சம். கடைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் பக்கமாக ஓட்டினேன். பள்ளத்தில் இறங்கி ஏறியது உடம்புக்குத் தெரியவில்லை. ஏரிக்கரை தெரிந்ததும் ஓரமாக நிறுத்தி, நடுக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சரித்தேன். ஏன் சரித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. பின் சீட்டில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தால் முகம் தெரிகிற உயரம் அது. கண்ணாடியில் காலி சீட்டுதான் தெரிந்தது.

சரியாக அப்போது மகள் கூப்பிட்டாள்.

“எப்படிப்பா இருக்கு?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சத்தம்டா.”

பக்கத்தில் கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

“என்ன மாதிரி சத்தம்?”

“கடக், கடக்னு.”

“ரெகார்ட் பண்ணி அனுப்பு. கேட்டுட்டுச் சொல்றேன்.”

போனை வைத்ததும் கடைக்காரர் இன்ஜினை அணைத்து, மறுபடி கிளப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டார். வண்டி தூங்கும் பூனை மாதிரி முனகியது. கடைக்குத் திரும்பும் வரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தேன். இல்லாத சத்தத்துக்கு எங்கே போவது? சமையலறையில் மனைவி இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். மகள் பிறந்த வருஷம் வாங்கிய கிரைண்டர். ஒரு பக்கம் தேய்ந்துபோய், கல் ஒவ்வொரு சுற்றுக்கும் கடக் என்று ஒரு தட்டு தட்டும். ஆகா என்றிருந்தது. மனைவி கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, போனை ஒளித்துப் பிடித்துப் பதிவு செய்தேன். நடுவில் ஜன்னலில் ஒரு காக்கா கத்தியது. தெருவில் நின்று எடுத்ததுபோல இயற்கையாக இருக்கட்டும் என்று அதையும் விட்டுவிட்டேன். ‘இன்ஜின் சத்தம்’ என்று தலைப்பும் போட்டு அனுப்பினேன்.

கேட்டுவிட்டாள் என்பதற்கு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. சாப்பிட்டேன், வரவில்லை. படுத்துப் புரண்டேன், வரவில்லை. அவள் இதுவரை ஒரு வைப்பருக்கே கால் மணி நேரம் பேசியவள்.

என் முழியைப் பார்த்தே மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டாள். கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“அந்த கிரைண்டர் பக்கத்துல உக்காந்துதாங்க அவ பரீட்சைக்கே படிச்சா. அவளுக்குப் போயி அத அனுப்பிச்சீங்களே, வேற சத்தமா கெடைக்கல?”

பிறகு அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “கோச்சுக்கினாளோ?” என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரிடமிருந்து போன். “நைனா, ஆவடிலேர்ந்து ஒரு பார்ட்டி அந்த வண்டியப் பாக்க வந்துகினு கீறான். உனக்கு வேணுமா, வேணாமா? ஒண்ணு சொல்லிடு.”

வண்டியும் போகப்போகிறது, பொய் சொன்னதால் பேச்சும் போகப்போகிறது. வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்கு எழுதினேன். அடித்து அடித்து எழுதியதில் மிஞ்சியது இதுதான்: ‘அது இன்ஜின் இல்லை. நம் வீட்டு கிரைண்டர். வண்டியில் ஒரு குறையும் இல்லை. வாங்கிவிட்டால் நீ பேச மாட்டாயே என்றுதான் இத்தனை நாளும் குறை சொன்னேன். இப்போது வாங்கப் போகிறேன்.’

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மறுபடி ஒரு குறை கண்டுபிடித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன்.

கொட்டகையில் ஆவடிக்காரர் யாரும் இல்லை. சாம்பல் வண்டி தனியாக நின்றது. கடைக்காரர் எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்தினார்.

“இன்னா, சத்தம் நின்னுச்சா?”

“நின்னுடுச்சு.”

“அது வண்டில வரவே இல்லியே நைனா.”

நான் அசடு வழிந்தேன். ஆவடிப் பார்ட்டி எங்கே என்று கேட்டேன்.

“வண்டி பூட்ச்சினு சொல்லித் திருப்பி வுட்டுட்டேன்.”

“நான் வருவேன்னு எப்படித் தெரியும்?”

“நீ வராட்டி இன்னோர் ஆளு வரான், வண்டி எங்க போவுது? ஒரு மன்சன் பொண்ணாண்ட பேசறதுக்கோசரம் எங்கடைல இத்தினி டீ குட்ச்சுகிறான். அவன வுட்டுட்டு எவனோ ஒர்த்தனுக்குத் தூக்கிக் குடுக்க சொல்றியா?” என்றவர், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, “எம்புள்ள பக்கத்துத் தெருவுலதான் கீறான். டயர் பத்திக்கூட பேச மாட்டான்” என்றார். சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

முன்பணத்தைக் கொடுத்தேன். சாவியைத் தந்து, சும்மா உட்கார்ந்து பார் என்றார். உட்கார்ந்தேன்.

அந்த வண்டிதான் இப்போது எங்கள் தெருவில் நிற்கிறது. தினம் எஸ்டேட்டுக்குப் போய்வருகிறது, காய்கறி சுமக்கிறது. கேரியர் ஒருவழியாகத் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வடாம் காயப்போட இடம் இல்லாமல் மனைவி வண்டியின் கூரையையே நோட்டம் விட்டுக்கொண்டிருக்கிறாள். மகளுக்குப் பொங்கலுக்கும் லீவு கிடைக்கவில்லை. கூடாரம் பிரிக்காமல் பரணில் இருக்கிறது. சில ஞாயிறுகளில் நானும் மனைவியும் ஏரிக்கரைக்குப் போய் இரண்டு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு உட்காருவோம். மூன்றாவது நாற்காலி வண்டியிலேயே மடங்கிக் கிடக்கும். அதை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு வரலாம் என்று மனைவி சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நடுக் கண்ணாடியையும் அன்று சரித்து வைத்த உயரத்திலிருந்து நான் மாற்றவில்லை.

ஏரிமேல் கூட்டமாக ஏதாவது பறந்தால், காக்கா இல்லை என்ற அளவில் எனக்கு விளங்கும். அப்போதெல்லாம் போனை எடுத்து, அன்று அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது மகளிடமிருந்து வந்த பதிலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பெரிய வண்டி இல்லாமலே எட்டியிருக்கக்கூடிய தூரத்தில்தான் அவள் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. ஒரே ஒரு வரிதான் அனுப்பியிருந்தாள்.

“தெரியும், அந்த சத்தத்த இன்னும் கொஞ்சம் நீளமா எடுத்து அனுப்பு.”