தாய்மாமன் கார்டு

எனக்குக் கேட்பதில் கூச்சம் கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், நான் பிழைத்ததே அப்படித்தான். காய்கறிக் கடையில் கொசுறுக் கறிவேப்பிலை, பஸ்ஸில் ஜன்னலோர இடம், ஆபீசில் அடுத்தவர் வாங்கிய பேப்பர் என்று எதையும் கேட்டுவிடுவேன். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதனால் ஒரு வங்கியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "சார், எங்க கிரெடிட் கார்டுல நூறு ரூபாய்க்கு வாங்கினா அஞ்சு ரூபாய் உங்களுக்கே திரும்பி வரும்" என்றபோது, "அது சரி, வேற என்ன தருவீங்க?" என்று கேட்டேன். தோளில் மாட்டும் பை ஒன்று தருவதாகச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

முதல் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் திரும்பி வந்தது. நான் செலவு செய்த பணமே எனக்குத் திரும்பி வருகிறது என்பது என்னை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. மளிகை, மருந்து, மாவு பாக்கெட், செருப்பு எல்லாவற்றுக்கும் கார்டை நீட்டினேன். இரண்டாவது மாதம் எனக்கு ஞானம் பிறந்தது. என் செலவுக்கு மட்டும்தான் திரும்பி வருமா? அடுத்தவன் செலவுக்கு நான் தேய்த்தாலும் வருமே. தேய்ப்பது என் கார்டு, அவன் ரொக்கத்தை என் கையில் கொடுத்துவிட்டால் அவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. எனக்கு நூற்றுக்கு ஐந்து.

ஒரத்தநாட்டில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் பதினோரு பேர். வெள்ளிக்கிழமை பிரியாணி, பிரிவு உபசாரத்துக்குச் சால்வை, ஒருவர் வீட்டு மிக்ஸி, இன்னொருவர் பையனுக்கு ஷூ என எல்லாம் என் கார்டில்தான் போனது. தஞ்சாவூரில் எங்கள் தெரு மருந்துக் கடையில் ஒருநாள் ஒரு பெரியவர் நீளமான சீட்டோடு நின்றார். "ஐயா, அந்த ரொக்கத்தை எங்கிட்ட குடுங்க, நான் கார்டுல கட்டிர்றேன்" என்றேன். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். கடைக்காரர்தான், "பயப்படாதீங்கய்யா, இவரு எப்பவும் இப்படித்தான்" என்று சமாதானம் சொன்னார். கூட வந்திருந்த என் மனைவிக்கு மானம் போனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கல்யாணத்தின்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கல்லூரியில் முதல் வருடம். பாத்திரமும் ஒரு கட்டிலும்தான் கொடுத்தனுப்ப முடிந்தது. அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று சாகுபடி செய்கிறவர், பொறுமைசாலி. சீர் குறைந்ததைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் சொல்லாததையெல்லாம் சேர்த்து அவருடைய அக்கா சொன்னார். அதாவது என் அக்காவின் நாத்தனார். இரண்டு வீடு தள்ளித்தான் அவருக்கு வீடு.

அக்கா மகள் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் நிலையான வேலை கிடைத்திருந்தது. படிப்புக் கடன் வேறு. ஒரு புடவை, ஒரு ஜோடித் தோடு, பழம், பூ என்று ஐந்து தட்டு வைத்தேன். நாத்தனார் சபை நடுவில் நின்று விரல் விட்டு எண்ணினார். "அஞ்சுதானா? மீதி பின்னாடி வண்டியில வருதா தம்பி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல், தீபாவளிக்குத் தீபாவளி அந்த ஐந்து தட்டுக் கதை அந்த வீட்டில் ஓடியது என்று வேறு ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா என்னிடம் வாயே திறக்கவில்லை. அவள் பேசாததால் அவளுக்கு அதில் வருத்தமில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். சௌகரியமான முடிவு.

அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம் நிச்சயமானது. தை அறுவடை முடிந்து, மச்சான் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வந்ததும் ஜவுளி எடுக்கத் தஞ்சாவூர் வருவதாக ஏற்பாடு. முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. வரவேற்புக்குப் பட்டு, சம்பந்தி அம்மாளுக்குப் பட்டு, பங்காளிகளுக்கு வேட்டி, உறவுக்காரப் பெண்களுக்குப் புடவை எல்லாம் நம் பக்கம். தாய்மாமன் பங்காக ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுப்பது என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

அக்காவும் மகளும் முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து என் கையில் ஒரு கட்டு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். "யாருடா அது, உனக்குப் பணம் குடுத்துட்டுப் போறாரு?" என்று அக்கா கேட்டாள். அவர் வீட்டுக் கிரைண்டருக்கு நான் கார்டு தேய்த்த கதையையும், ஐந்து சதவீதத்தின் மகிமையையும் அரைமணி நேரம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டாள். "நல்ல ஏற்பாடுதான்" என்றாள்.

மறுநாள் மச்சானும் நாத்தனாரும் வந்து சேர்ந்தார்கள். கடையில் வெள்ளை விரிப்பின்மேல் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். கடைப் பையன்கள் புடவைகளை விசிறி விசிறிப் போட்டார்கள். நாத்தனார் ஒவ்வொரு ஜரிகையையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கடைசியில் பில் போடும் இடத்துக்கு வந்தோம். தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. மச்சான் அக்குளில் இடுக்கியிருந்த துணிப்பையை எடுத்தார். அவ்வளவு ரொக்கமும் ஒரு பைசா திரும்பி வராமல் கல்லாவுக்குள் போகப்போவதை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. மனதுக்குள் ஐந்து சதவீதம் போட்டுப் பார்த்தேன். நல்ல டேபிள் ஃபேன் இரண்டு வாங்கலாம்.

பாய்ந்து முன்னால் போய், "மச்சான், பணத்தை எடுக்காதீங்க. நான் கார்டுல போட்டுர்றேன்" என்றேன்.

இது முன்பாதி. "ரொக்கத்தை எங்கிட்ட குடுத்துடுங்க" என்பது பின்பாதி. நடுவில் மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்குள் அக்கா புகுந்துவிட்டாள்.

"கேட்டீங்களா அண்ணி, மொத்தத் துணியும் என் தம்பி எடுக்குறானாம்."

கத்தவில்லை. ஆனால் துணி மடித்துப் பையில் போடுகிறவர்கள் வரைக்கும் கேட்டது. கல்லாவில் இருந்தவர், "தாய்மாமனா சார்?" என்று எழுந்து நின்று கார்டை வாங்கிக்கொண்டார். நாத்தனார் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். "மொத்தமுமா?" என்று கேட்டார். கேள்வி என்னிடம் வந்தது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். மருந்துக் கடையில் முன்பின் தெரியாதவரிடம் கூசாமல் கேட்ட வாய் இது. ஆனால் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவள் கல்யாணப் போட்டோவில்கூட அந்த முகம் கிடையாது.

"மாப்ள, எதுக்குங்க இவ்வளவு" என்று மச்சான் இழுத்தார். கை பைக்குள் அப்படியே நின்றது.

"இருக்கட்டும் மச்சான்" என்றது என் வாய். அதற்கு நான் அனுமதி கொடுத்ததாக ஞாபகமில்லை.

மெஷின் ரகசிய எண்ணைக் கேட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நான்கு இலக்கத்தைத் தப்பாக அழுத்தினேன். "தப்பா இருக்கு சார், இன்னொரு தடவை போடுங்க" என்றார் கல்லாக்காரர். கடவுள் கொடுத்த வாய்ப்பு. மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த வேட்டி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அதற்குள் அக்கா ஊரிலிருந்த தன் மாமியாருக்குப் போன் போட்டு, எது எது என்ன நிறம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது முறை சரியாக அழுத்தினேன்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என் மனைவி சிரித்தாள். சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்து மறுபடி சிரித்தாள். சித்திரை வெயிலுக்கு முன்னால் ஏசி வாங்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பணத்தையும் கட்டி, மீதியைப் பன்னிரண்டு தவணையாக மாற்றினேன். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "போனா போவுதுங்க. ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் வசூல் பண்ண ஆளு, சொந்த அக்காகிட்ட மாட்டிக்கிட்டீங்களே" என்றாள். இதற்காகவே ஏசியை விட்டுக்கொடுக்கலாம் என்பது போல இருந்தது அவள் சந்தோஷம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேஷ்பேக் வந்தது. ஒரு டேபிள் ஃபேனில் பாதிகூட வராது. மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று எங்கோ பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். போன் செய்து சண்டை போட்டேன். அந்தப் பக்கத்துப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள்.

இடையில் மச்சானிடம் பின்பாதியைச் சொல்லிவிடுவது என்று மூன்று முறை போன் செய்தேன். முதல்முறை அக்கா எடுத்தாள். நாத்தனார் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்ததாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் முதல் குழம்பு. இரண்டாவது முறையும் அக்காதான். கல்யாண விஷயமாக வீட்டுக்கு வருகிறவர் போகிறவரையெல்லாம் நாத்தனார் உள்ளே கூட்டிப்போய்ப் பீரோவைத் திறந்து, தாய்மாமன் எடுத்தது என்று காட்டுகிறாராம். மூன்றாவது முறை மச்சானே எடுத்தார். "சொல்லுங்க மாப்ள" என்றார்.

"உளுந்து எப்படி மச்சான் வந்திருக்கு?" என்று கேட்டேன்.

அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜவுளிக்கு வச்சிருந்த பணத்தைச் சமையலுக்கும் பந்தலுக்கும் குடுத்துட்டேன் மாப்ள. இல்லாட்டி வட்டிக்கு வாங்கியிருப்பேன்" என்றார். நல்லது மச்சான் என்று வைத்துவிட்டேன்.

கல்யாணம் கீழ்வேளூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாத்தனார் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார். கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம், "இவருதான் பொண்ணோட தாய்மாமன். எங்க வீட்டுக்கு வாச்ச சம்பந்தம் அப்படிங்க" என்று தன் கைக்காசைப் போட்டது போலச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வாய் தவறிச் செய்த தயாளத்துக்கு இவ்வளவு மரியாதை என்றால் மனசாரச் செய்த தயாளத்துக்கு எவ்வளவு இருக்கும் என்றுகூட யோசித்தேன்.

மாலை எடுக்க மணப்பெண் அறைக்குப் போனபோது அக்கா மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"கடையில நீ பாதியில நிறுத்தினியே, மீதி என்னன்னு எனக்குத் தெரியும்டா."

"என்ன மீதி?" என்றேன்.

"ரொக்கத்தை எங்கிட்ட குடுங்கன்னு சொல்ல வந்த. தெரிஞ்சுதான் முந்திக்கிட்டேன்."

கோபம் குப்பென்று ஏறியது. ஏசியும் பன்னிரண்டு தவணையும் கண்முன்னால் வந்தன. "ஏன்க்கா இப்படிப் பண்ணுன? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே செஞ்சிருக்க மாட்டேனா?"

அக்கா மாலையை எடுத்து உதிரிப் பூவைத் தட்டினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா கேக்காமத்தானடா இருந்தேன். செஞ்சியா?"

கேட்காமலே எனக்குக் கிடைத்தவை என்று இந்த உலகத்தில் அநேகமாக எதுவுமில்லை. எல்லாம் கேட்டு வாங்கியவை. கேட்கத் தெரியாத ஒருத்தி என்கூடப் பிறந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது.

வெளியே தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். மாலையை என் கையில் கொடுத்து, "போடா, தேடுறாங்க" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அந்த மாலை நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.