நான் போட்ட இரண்டு கோடுகள்

போன வருடம், ஓணம் முடிந்த வாரம். மாட்டுப்பட்டிப் பக்கம் நடந்த பெண்கள் வடம்வலியில், அதாவது கயிறு இழுக்கும் போட்டியில், எங்கள் எஸ்டேட் அணி ஜெயித்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் கொழுந்து பறிப்பவர்கள், நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். பரிசு, கேப்டன் அக்கா பெயரில் ஒரு செக். ஞாயிறன்று ஆனைக்கரையில் அடுத்த போட்டி. வெள்ளி மாலைக்குள் நுழைவுக் கட்டணம் கட்டியாக வேண்டும். சம்பளத்துக்கு முந்தைய வாரம்; அந்தச் செக்கை விட்டால் எங்களிடம் வேறு காசில்லை.

வெள்ளி மதியம் அக்காவும் நானும் ஜீப்பில் மூணாறு பேங்குக்குக் கிளம்பினோம். வழியில் செக் தொலைந்து எவனாவது எடுத்துவிட்டால்? என் படிப்பு விழித்துக்கொண்டது. இடது மூலையில் இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'அக்கவுண்ட் பேயி' என்று எழுதினேன்.

"இனி எவனும் திருட முடியாதுக்கா!"

கவுண்டரில் இருந்த மலையாளி மேடம் செக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கோடு போட்டா கையில பைசா தர பற்றில்ல மோளே. வேற பேங்க்ல உள்ள இவங்க அக்கவுண்ட்லதான் போடணும். நாளைக்கு ரெண்டாம் சனி. பைசா வர்றது திங்களாழ்ச்சதான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, திருடன் எடுக்க முடியாதுன்ன. நம்மளாலயும்லா எடுக்க முடியல!"

போட்ட கோட்டை நான் அழிக்க முடியாது. செக் கொடுத்தவர்தான் வழி செய்ய வேண்டும். அதையும் படித்திருந்தேன், ஆனால் இப்போதுதான் ஞாபகம் வந்தது. மணி மூன்று. மூன்றரைக்குக் கவுண்டர் அடைத்துவிடும். அக்காவை வரிசையில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

செக் கொடுத்த கமிட்டித் தலைவர் பஜாரில் டயர் கடை வைத்திருந்தார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும் கடைப் பையன்களிடம் கத்தினார்: "கயித்த இழுக்கச் சொன்னா, இவ கோட்ட இழுத்துட்டு வந்திருக்கா!" சிரித்துக்கொண்டே பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் செக் எழுதிக் கொடுத்தார்.

மூன்று இருபத்தைந்துக்குக் கவுண்டரில் நின்றேன். அக்கா என் பேனாவைப் பிடுங்கி, செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டார். நோட்டுகள் கைக்கு வந்தன. பேனா அவர் பைக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆனைக்கரையில் கடைசி இழுப்பு வரைக்கும் போய் முதல் பரிசையும் அள்ளினோம். அதுவும் செக்தான்! அக்கா பையிலிருந்து என் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இதுக்கு அவசரமில்ல. இப்ப போடு ஒன் கோட்ட."

ஏழு பேரும் கைதட்ட, ஜீப் பானெட்டில் வைத்து இரண்டு கோடு போட்டேன். தெரிந்த விஷயமே என்றாலும், பேனா மூடியைத் திறக்கும் முன் பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும் பழக்கம் அன்றிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது.