பெரட்டு இல்லாத விடியல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் தப்புப் பறை அடித்தால், பேர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக்கு ஓடவேண்டும். பிந்தினால் விரட்டிவிடுவார்கள். "ஒரு நாளாவது வெயில் ஏறுற வரைக்கும் தூங்கணுங்க" என்பது என் மனைவியின் ஆசை. இலங்கையிலிருந்து கப்பலேறி இந்தியா போனபோது, மதுரையிலிருந்து மெட்ராஸுக்கு இரவு ரயிலில் அதற்கென்றே படுக்கைச் சீட்டு எடுத்தேன்.

மூன்றடுக்குப் பலகையைப் பார்த்ததும், "நம்ம லயத்து வரிசை வீட்டைத் தூக்கி நிறுத்தி வச்சிருக்காங்களே!" என்று சிரித்தபடி நடுப்பலகையில் படுத்தாள்.

இருட்டு விலகுமுன் டிக்கட் பரிசோதகர் வந்து பலகையில் டொக் டொக்கென்று தட்டினார். அவள் துள்ளியெழுந்து மேல்பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஏங்க, எந்திரிங்க! பெரட்டு!" என்று கத்தினாள். பெட்டியே விழித்துக்கொண்டது.

மேலே படுத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "பெரட்டலா? கோழியாம்மா, ஆட்டுக்கறியா?"

"எங்க ஊர்ல ஆளுங்களைத்தான் பெரட்டுவாங்க, ஐயா" என்றேன். அவர் போர்வைக்குள் போய்விட்டார்.

பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. படுக்கையை மடித்துவைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து சூரியனுக்காகக் காத்திருந்தாள்.

ஊர் திரும்பியதும் லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"வெயில் மூஞ்சில சுட்ட பொறவுதான் எந்திரிச்சேன்" என்றாள்.

"நெத்தியில என்னக்கா காயம்?"

"கோயில்ல விழுந்து விழுந்து கும்பிட்டேன்ல!"